அறிவிப்பு வேண்டாம், அட்டவணை வேண்டும்

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 21ஆம் தேதி காவலர் வீரவணக்க நாள். 1959இல் அதே தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் சுட்டதில் மத்திய ரிசர்வ் போலீசார் 10 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக நாடு முழுவதும் மலர் வளையம் வைக்கிறார்கள், குண்டு முழங்குகிறது. நல்ல காரியம். செத்தவருக்கு ஒரு நாள் இருக்கிறது. ஆனால் கையோ காலோ கண்ணோ போய் உயிரோடு வீடு திரும்பிய காவலருக்கு நாளும் இல்லை, நாதியும் இல்லை.

செத்தவர் கணக்கையே முதலில் பார்ப்போம். 2020 ஜனவரி 8ஆம் தேதி களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குடும்பத்துக்கு 1 கோடி ரூபாய் அறிவித்தார் முதலமைச்சர். அதே வருஷம் ஆகஸ்ட் 18ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டத்தில் ரவுடியைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு 50 லட்சம். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிப் போன நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது ஆட்சி மாறியிருந்தது. தொகை மறுபடியும் 1 கோடி.

இதில் ஒரு ரூபாயைக் கூட நான் அதிகம் என்று சொல்லவில்லை. ஆனால் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எந்த விதிப்படி? வில்சனும் சுப்பிரமணியனும் செத்தது ஒரே வருஷத்தில், ஒரே முதலமைச்சர் காலத்தில். ஒருவர் உயிர் மற்றவர் உயிரில் பாதி என்று எந்த அரசாணை சொன்னது? டி.வி.யில் எத்தனை நாள் ஓடியது, தேர்தல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தா தொகை போடுவது? அப்படி இல்லை என்றால், எப்படி என்று எழுதி வைப்பதில் என்ன தடை?

இறந்தவர் நிலை இது என்றால், காயம்பட்டவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 2017 டிசம்பரில் ராஜஸ்தானுக்குக் கொள்ளையரைப் பிடிக்கப் போன ஆய்வாளர் பெரியபாண்டியன் குண்டு பாய்ந்து இறந்தார். அவர் பெயர் நமக்கெல்லாம் தெரியும். அவரோடு போய்க் காயப்பட்டுத் திரும்பியவர்கள் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்லுவோம்? 2010 ஜனவரியில் உதவி ஆய்வாளர் வெற்றிவேல் ஆழ்வார்குறிச்சி அருகே வெட்டுப்பட்டு ரோட்டில் துடித்துக் கிடந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. அமைச்சர்கள் வந்த கார்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. அவர் பிழைக்கவில்லை. பிழைத்திருந்தால், கால் போன அந்த மனிதருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை.

"ஏன், லீவு உண்டே, பென்ஷன் உண்டே" என்பார்கள். உண்டு. அடிப்படை விதி 83இல் சிறப்பு ஊனமுற்றோர் விடுப்பு இருக்கிறது. அதற்கும் 24 மாதம்தான் உச்சவரம்பு. போன கால் 24 மாதத்தில் முளைத்து விடுமா? 2003 ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பழைய பென்ஷனிலிருந்து எடுத்துப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் தள்ளினார்கள். சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கிகள் மூலம் விபத்துக் காப்பீடு என்கிறார்கள். வரட்டும். ஆனால் வேலைக்கு அனுப்பியது வங்கி இல்லை, அரசாங்கம்.

நம் பகுதி ஆட்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். பட்டாசு ஆலையிலோ, அச்சகத்திலோ, சிமெண்ட் ஆலையிலோ அடிபட்டவர் வீட்டில் இந்தக் கணக்கு தெரியாதவர் இல்லை. 1923லேயே வெள்ளைக்காரன் காலத்தில் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை உண்டு. கட்டை விரல் போனால் 30 சதவீதம் ஊனம். ஒரு கண் போய் மறு கண் நன்றாக இருந்தால் 40. இரண்டு கையும் போனால் 100. சட்டத்தின் பெயர் இன்று மாறினாலும் அட்டவணை போகவில்லை. பணம் கைக்கு வர நடையாய் நடக்க வேண்டும் என்பது வேறு கதை. ஆனால் எவ்வளவு என்று கேட்க ஒரு தாள் இருக்கிறது. மருந்து உருட்டும் தொழிலாளிக்கு இருக்கிற அந்தத் தாள், ஆலை வெடித்தால் கூட்டத்தைத் தடுத்து நிற்கிற காவலருக்கு வேண்டாமா? 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் வெடித்தபோது உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிய ஜனங்கள்தான் பெருமளவில் மாண்டார்கள். வெடிக்கிற இடத்தை விட்டு எல்லோரும் ஓட வேண்டும். போலீசாரும் தீயணைப்பு வீரரும் மட்டும் அதை நோக்கி ஓட வேண்டும். அவர்கள் வேலையே அதுதான்.

சிறு வயதில் பிரெஞ்சு மொழியில் பாடம் படித்தவன் நான். அதனால் ஒன்று சொல்கிறேன். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1917 ஜூலையில், பிரான்சில் ஒரு சட்டம் போட்டார்கள். போரில் தகப்பனை இழந்த பிள்ளை "புபீல் த லா நாசியோன்", அதாவது தேசத்தின் பிள்ளை. அந்தப் பிள்ளையை வளர்ப்பதில் தேசத்துக்குப் பங்கு உண்டு. முக்கியமான விஷயம் இது: தகப்பன் செத்திருக்க வேண்டும் என்பதில்லை. காயத்தால் உழைத்துச் சம்பாதிக்க முடியாமல் போனாலும் பிள்ளை தேசத்தின் பிள்ளைதான். பின்னாளில் பணியில் தாக்கப்பட்டு இறந்த போலீசாரின் பிள்ளைகளுக்கும் இது விரிந்தது. அமெரிக்காவிலும் 1976இல் பணியில் இறந்த காவலருக்கு உதவித்தொகைச் சட்டம் வந்தது. நிரந்தர ஊனமுற்றவரை 1990இல்தான் சேர்த்தார்கள். அங்கேயும் காயம்பட்டவரை மறந்து, பிறகு நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் எப்போது நினைக்கப் போகிறோம்?

"போலீசுக்கா பரிந்து பேசுகிறீர்? சாத்தான்குளத்தை மறந்து விட்டீரா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மறக்கவில்லை. அடித்தவனுக்குச் சட்டப்படி தண்டனை வேண்டும், அடிபட்டவனுக்குச் சட்டப்படி பணம் வேண்டும். இரண்டையும் மேலே இருப்பவர் மனசுக்கு விட்டால் இரண்டிலும் அநியாயம்தான் நடக்கும். "ஆபத்து தெரிந்துதானே சேர்ந்தார்கள்" என்பது இன்னொரு வாதம். சம்பளம் பார்க்கிற வேலைக்கு. காலுக்குச் சம்பளத்தில் விலை போடவில்லை.

கேட்பது நான்கே விஷயம். ஒன்று, மரணத்துக்கும் ஒவ்வொரு உறுப்பு இழப்புக்கும் தொகை குறித்த அட்டவணை. ஊர்க்காவல் படையினர் முதல் டி.எஸ்.பி. வரை அதில் வர வேண்டும். இரண்டு, மருத்துவக் குழு சான்று தந்த 60 நாளில் பணம், தாமதமானால் வட்டி. மூன்று, பழைய வேலை பார்க்க முடியாதவருக்கு அதே சம்பளத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். நான்கு, விலைவாசிக்குத் தக்கபடி தொகை தானாக உயர வேண்டும், அகவிலைப்படி உயரவில்லையா?

முதலமைச்சர் அறிவித்தால் அது கருணை. கருணைக்குக் கும்பிடு போட வேண்டும். அட்டவணை இருந்தால் அது பாக்கி. பாக்கியை நிமிர்ந்து நின்று கேட்கலாம், ஒற்றைக் காலில் நின்றாலும்.