உழவர் கேள்வி: பவர் டில்லரைச் சாய்த்து ஏற்றலாமா?

வரதராஜன்பேட்டை வாசகர் ஒருவர், முந்திரித் தோப்பு உழ பவர் டில்லரை மினி லாரியில் கொண்டு போக வேண்டும், நாலு பேர் சாய்த்துத் தூக்கினால் போதுமா என்று கேட்டுள்ளார்.

வேண்டாம். எடை சுமார் 400 கிலோ; ஆளுக்கு 100 கிலோ. இடுப்பு பிடித்துக்கொண்டால் தோப்பை உழுவது யார்?

பலகை வைத்து ஓட்டி ஏற்றுங்கள். பலகையின் நீளம் லாரித் தளத்தின் உயரத்தைப் போல் நான்கு மடங்கு இருக்கட்டும். தளம் இரண்டரை அடி என்றால் பலகை 10 அடி. மேல்முனை நழுவாமல் கொக்கி போட்டு, முதல் கியரில் மெதுவாக ஏற்றவும். பலகையில் ஸ்டியரிங் கிளட்சைத் தொடவே கூடாது. இறங்கும்போது அதைப் பிடித்தால் வண்டி நினைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பி, ஆள்மீதே சரியும்.

ஏற்கெனவே சாய்ந்துவிட்டதா? உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏர் கிளீனர் கிண்ணத்து ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். ஆயில் அழுந்தாது, கனெக்டிங் ராடுதான் வளையும். டீசல் குழாயை மூடி, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்து, ஹேண்டிலை மெல்லப் பல சுற்று சுற்றவும். ஹேண்டில் முட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கிண்ணத்தைத் துடைத்து, குறி அளவுக்குப் புது ஆயில் ஊற்றவும்.

கயிற்றைச் சட்டத்தில் கட்டவும், கைப்பிடியில் அல்ல.