இருபது கேட்டார்கள், லட்சம் வந்தது!

ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் என்ற கிதார் வித்வானைக் கேள்விப்பட்டதுண்டா, நேயர்களே? இல்லாவிட்டால் பாதகமில்லை. அவருடைய கீர்த்தி சக வித்வான்களின் வட்டத்தைத் தாண்டி அதிகம் பரவவில்லை.

1946-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறு வயதில் ஆசைப்பட்டது ஸாக்ஸபோனுக்கு. கையில் கிடைத்ததோ கிதார்! மனிதர் சளைக்கவில்லை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கம்பியைத் தட்டாமல், இடக்கை விரல்களாலேயே இழைத்து, ஊதும் வாத்தியத்தின் குழைவைக் கம்பியில் கொண்டுவந்துவிட்டார். ஜாஸும் ராக்கும் கலந்த அந்த இசையில் இப்படி வாசித்தவர் அபூர்வம். பிரபல கிதார் வித்வான் எட்டி வான் ஹேலனே மயங்கிப் போய், பெரிய இசைத்தட்டுக் கம்பெனியில் சிபாரிசு செய்தார். 1983-ல் ஒரு தட்டு வந்தது. கம்பெனி உறவு அத்துடன் சரி.

2017 ஏப்ரலில், எழுபதாவது வயதில், அமெரிக்காவில் காலமானார். அடக்கச் செலவுக்கென்று ரஸிகர்களிடம் 20,000 டாலர் கேட்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் குவிந்தது! இதில் பாதியை அவர் இருக்கும்போதே டிக்கெட்டுக்கும் தட்டுக்கும் கொடுத்திருக்கக் கூடாதோ என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? எனக்கும்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கிதாரும் கையுமாகத் திரிகிறானா? 1985-ல் வந்த ‘மெட்டல் ஃபடீக்’கைக் கேட்டிருக்கிறானா என்று விசாரியுங்களேன்.