அத்தையின் சர்க்கரை நோட்டு

போன இதழில் முருங்கைக்கீரை அடை எழுதினேன் இல்லையா, "சர்க்கரை வியாதிக்காரர்கள் சாப்பிடலாமா?" என்று இரண்டு மூன்று சகோதரிகள் கேட்டிருந்தார்கள். தாராளமாகச் சாப்பிடலாம், இரண்டோடு எழுந்துவிடுவதாக இருந்தால்! அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை அந்தக் கதைதான்.

என் மாமியாருக்கு வயது 72. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சர்க்கரை வந்து 15 வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் என் கொழுந்தனார், விரலில் குத்தி ரத்தம் பார்க்கிற குளுக்கோமீட்டர் ஒன்றை வாங்கி வந்தார். வந்த அன்று எல்லாரும் கூடி நின்று பார்த்தோம். மறுநாளே அது பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, 1980களில், என் தாத்தா பட்ட பாடு தெரியும். பரீட்சைக் குழாயில் பெனடிக்ட் என்கிற நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பார். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்று பாட்டி சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள். இத்தனை செய்தும் அதில் ஒரு குறை. ரத்தத்தில் சர்க்கரை 180 வாக்கில் ஏறிய பிறகுதான் சிறுநீரில் இறங்க ஆரம்பிக்கும். குறைந்து போனால் அந்தக் குழாய்க்குத் தெரியவே தெரியாது. இப்போது ஐந்து விநாடியில் நம்பரே வந்துவிடுகிறது. அதைப் பூட்டி வைப்பதா?

கெஞ்சிக் கூத்தாடி அத்தையைச் சம்மதிக்க வைத்தேன். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. குத்துகிற பேனாவில் ஆழத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். கையைச் சற்றுத் தொங்கவிட்டால் பிதுக்காமலே சொட்டு வரும். பத்து நாளில் அத்தை தானே பார்க்கக் கற்றுக்கொண்டார். நோட்டில் 138, 142, 135 என்று முத்து முத்தாக எழுதியும் வைத்தார். எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை எழுதிக் கொடுத்தார். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற சோதனை அது. ரிசல்ட் 9.2. "நோட்டுக்கும் இதுக்கும் ஒட்டவே இல்லையேம்மா" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து மெஷினின் ஞாபகத்தில் பழைய நம்பர்களைத் தட்டிப் பார்த்தேன். நோட்டில் 142 இருக்கும் நாளில் மெஷினில் 246!

யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி கீரை ஆய்கிற சாக்கில் மெதுவாகக் கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "என்னம்மா செய்யறது? 200ஐத் தாண்டினா உன் புருஷன் 'நேத்து என்ன தின்னே'ன்னு கேக்குறான். பரீட்சையில பெயிலான பிள்ளை மாதிரி நிக்க வேண்டியிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. கேட்டது அவர் மட்டுமா? நானும்தானே கேட்டேன்! அக்கறையில்தான் கேட்டோம். ஆனால் அந்த அக்கறை அத்தையைப் பொய் எழுத வைத்திருக்கிறது. அதை நம்பி டாக்டர் மாத்திரையைத் தீர்மானித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. நோட்டு அத்தையுடையது. அவர் காட்டினால்தான் பார்ப்போம். நம்பருக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும்: "கல்யாண வீடு", "தூக்கமில்லை", "ஜலதோஷம்" என்று. என் கணவரின் வாயைக் கட்டுவதுதான் இதில் பெரும்பாடாக இருந்தது, போங்கள்!

சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை என்று பார்க்க ஆரம்பித்ததும் அத்தைக்கே சுவாரசியம் பிடித்துவிட்டது. சர்க்கரைக்கு மருந்து என்று நம்பி டம்ளர் டம்ளராகக் குடித்த கேழ்வரகுக் கூழுக்குப் பிறகு 231. அதே கேழ்வரகைக் கீரை போட்டு அடையாகத் தட்டிச் சாப்பிட்ட அன்று 176. "இத்தனை நாள் கூழைக் குடிச்சு ஏமாந்தேனே!" என்றார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா?

ஒரு நாள் 310 வந்து எல்லாரும் பதறினோம். பார்த்தால், மாம்பழம் நறுக்கிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குத்தியிருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்துப் பார்த்தால் 168.

அத்தைக்கு மெஷினின் மேல் முழு நம்பிக்கை வந்தது கந்த சஷ்டியின்போது. விரதம் என்று ஒன்றும் சாப்பிடாமல், வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டுவிட்டார். பதினோரு மணிக்குக் கை நடுக்கம், குப்பென்று வியர்வை. விரதக் களைப்பு என்று படுக்கப் போனவரை உட்கார வைத்துப் பார்த்தேன். 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்துப் பார்த்தால் 92. பிறகு இரண்டு இட்லி. "என்னைச் சக்கரை தின்னச் சொன்ன மெஷினும் இதுதானா!" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. படுத்துத் தூங்கியிருந்தால்? விரதம் இருப்பவர்கள் மாத்திரையைப் பற்றி முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மெஷின் இப்போது சுவாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் இருக்கிறது. அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், சூட்டிலும் ஈரத்திலும் பட்டைகள் கெட்டுவிடும். டப்பாவை உடனே மூடவேண்டும், காலாவதி தேதியையும் பார்க்கவேண்டும்.

போன வாரம் கோயம்புத்தூர் நாத்தனார் புதுசாக ஒன்று கொண்டுவந்தார். மேல்கையில் வட்டமாக ஒட்டிக்கொள்கிற சென்சார். இரண்டு வாரம் வரும், நம்பர் தானாகவே செல்போனுக்கு வந்துவிடும். தோலுக்கடியில் உள்ள நீரைத்தான் அது பார்ப்பதால் ரத்தத்தைவிடச் சில நிமிஷம் பின்தங்கிக் காட்டும். அதனால் படபடப்பு வந்தால் விரலிலும் குத்திப் பார்க்கவேண்டும். நாத்தனாருக்குத் தன் போனிலும் அம்மாவின் நம்பர் வரவேண்டும் என்று ஆசை.

"ஒட்டிக்கிறேன். ஆனா என் போனுக்கு மட்டும் வரட்டும். குறைஞ்சா அது கத்துமாமே, பக்கத்து ரூம்ல இவ இருக்கா" என்று அத்தை என்னைக் காட்டினார்.

ஒட்டி இன்றோடு ஐந்து நாள். நாத்தனார் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.