சம்பளம் மட்டும் கேட்டால் போதுமா?

"பைலட்டுன்னா லட்சக்கணக்குல சம்பளம், டிப்ளமோ படிச்சு நாம என்னத்தக் கண்டோம்?" என்று அலுத்துக்கொள்கிறோம். சம்பளம் உண்மைதான். ஆனால் அந்த லைசென்சுக்கு 200 மணி நேரம் விமானம் ஓட்டிப் பழகவேண்டும். அதற்கே பல லட்சம் செலவு. வேலை கிடைத்த பிறகும் மருத்துவப் பரிசோதனையும் திறன் தேர்வும் தொடரும். உடம்பு கெட்டால் உத்தியோகம் போச்சு! 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது பைலட்டுகளுக்கே மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பல லட்சம் கடனை எங்கள் குடும்பம் தாங்காது. லேத்தில் பழகிய கைக்கு ஆரம்பச் சம்பளம் கம்மிதான். ஆனால் ஒரு கம்பெனி மூடினால் இன்னொரு பட்டறை உண்டு.

ஆசைப்படுவதில் தப்பில்லை. 'எவ்வளவு வரும்?' என்பதோடு, 'எவ்வளவு கட்டணும், நின்னுபோனா என்ன கதி?' என்றும் கேட்போம் தோழர்களே!