முதலில் சாவது மாக்பெத் அல்ல

"பேராசைக்காரனை அவன் பேராசையே தின்றுவிடும், மாக்பெத் சொல்லும் நீதி அதுதான்" என்கிறார் நண்பர். ஷேக்ஸ்பியரின் அந்த நாடகத்தைப் பாதிதான் படித்திருக்கிறார். மாக்பெத் விழுமுன்பே தூங்கிய மன்னன் டங்கன், நண்பன் பாங்கோ, பிரபு மக்டஃபின் மனைவி மக்கள் எல்லாரும் அவனால் செத்தாயிற்று. அரசனாவாய் என்று மாக்பெத்துக்கு வாக்குச் சொன்ன சூனியக்காரிகள் மேல் பழிபோடவும் வழியில்லை. அதே வாக்கைக் கேட்ட பாங்கோ கத்தி எடுக்கவில்லையே!

நண்பர் ஆலங்குளம் பக்கம் வந்து பார்க்கட்டும். தீபாவளி ஆர்டர் எல்லாப் பட்டாசு ஆலைக்கும்தான் வருகிறது. சிலர்தான் உள்குத்தகைக்கு விட்டு, 4 பேருக்கான அறையில் கூடுதல் ஆளை உட்காரவைத்து, மரத்தடியிலும் மருந்து செலுத்தச் சொல்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் கருகிய 30-க்கும் மேற்பட்டோரில் உதவ ஓடியவர்களும் உண்டு. அவர்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள்? பேராசை தன்னைத் தானே தண்டித்துக்கொள்ளும் என்று உட்கார்ந்திருக்கலாகாது. உரிமத்தைப் பறிக்கும் கை முந்த வேண்டும்.