கூண்டு தந்த காய்ச்சல்

1930 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் கிளிக்காய்ச்சல் வந்து உட்கார்ந்தது. மேரிலாந்தின் அனாபொலிஸ் நகரில் கிறிஸ்துமஸ் பரிசாக வந்த கிளி ஒன்று செத்துப்போக, அந்தக் குடும்பத்தில் மூவர் கடும் நிமோனியாவில் படுத்தார்கள். அதே மாதம் 24ஆம் தேதி அதிபர் ஹூவர் கிளி இறக்குமதிக்குத் தடை போட்டார். வாஷிங்டனில் நோயை ஆராய்ந்த ஆய்வகத்தையும் அது விடவில்லை. ஊழியர்கள் வரிசையாக நோயுற்றார்கள். உதவியாளர் ஒருவர் இறந்தார். இயக்குநர் ஜார்ஜ் மெக்காய் தாமே இறங்கி ஆய்வுப் பறவைகளைக் கொன்று கட்டடம் முழுக்கப் புகைபோட வைத்தார்.

இது புதிய நோயல்ல. 1879இல் சுவிட்சர்லாந்தில் யாக்கோப் ரிட்டர் என்ற மருத்துவர், கூண்டுப் பறவைகள் இருந்த வீட்டில் ஏழு பேருக்கு வந்த விநோத நிமோனியாவைப் பதிவுசெய்திருக்கிறார், மூவர் பிழைக்கவில்லை. 1892இல் பாரிஸில் தென்னமெரிக்கக் கிளிகளோடு நோய் வந்து இறங்கியது. அங்கே நோக்கார் என்ற ஆய்வாளர் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவே காரணம் என்று உலகம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நம்பியது. அது வெறும் சால்மோனெல்லா வகை. 1930இல் உண்மையான கிருமி பிடிபட்டபோதும் வைரஸ் என்றுதான் நினைத்தார்கள். உயிரணுவுக்குள் மட்டுமே பெருகும் கிளமிடியா எனும் பாக்டீரியா அது என்று நிலைபெற 1960கள் ஆயிற்று.

பெயர் எதுவாக இருந்தாலும் குற்றவாளி கிளிதான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த எண்ணத்தை அசைத்தவர்கள் இரு ஆய்வாளர்கள். 1935இல் ஆஸ்திரேலியாவின் மெக்ஃபர்லேன் பர்னெட், காட்டுக் கிளிகளிடமே இந்தத் தொற்று உலவுவதைக் காட்டினார். பெரும்பாலானவை அதைச் சுமந்தபடி நலமாகவே பறந்துகொண்டிருந்தன. கலிபோர்னியாவில் கார்ல் மேயர், கொல்லைப்புறக் கூண்டுகளில் லவ்பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜெரிகர்களை நெருக்கியடித்து வளர்த்த இடங்களில் தொற்று எப்படி மண்டுகிறது என்று ஆராய்ந்தார். பட்டினி, குளிர், பயணம், நெரிசல் என எது வந்தாலும், உள்ளே அடங்கிக் கிடந்த கிருமி எச்சத்திலும் மூக்கு, கண் நீரிலும் கொட்ட ஆரம்பிக்கிறது. காய்ந்த எச்சத்தின் தூசியை மனிதர் மூச்சோடு இழுக்கிறார்கள். ஆக, கப்பல் அடித்தளத்தில் கிளிகளை அடைத்து அனுப்பிய வியாபாரிதான் நோயைத் தட்டி எழுப்பியவன். பழியோ பறவையின் தலையில்.

1948இல் குளோர்டெட்ராசைக்ளின் வந்தது. மேயர் குழுவினர் அதைத் தினையில் ஏற்றி லவ்பேர்ட்ஸுக்கு ஊட்டிப் பார்த்தார்கள், வேலை செய்தது. நாற்பத்தைந்து நாள் மருந்துத் தீனி என்பது வழக்கமாயிற்று. மருந்தைச் சுண்ணாம்புச் சத்து முடக்கிவிடும் என்பதால் அந்நாட்களில் கூண்டிலிருந்து கணவாய் ஓட்டை எடுத்துவிட வேண்டும். அருமையான மருத்துவம்தான், மறுக்கவில்லை. ஆனால் நெரிசல் வியாபாரம் நெரிசலாகவே தொடர அது வழிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். காட்டுக் கிளிகளைப் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்புவதைப் பெருமளவு நிறுத்திய சட்டம் 1992இல்தான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் நிரந்தரத் தடைக்கு 2007 வரை காத்திருந்தது; அதையும் நகர்த்தியது பறவைக் காய்ச்சல் அச்சம். சிகிச்சை முடிந்த கிளிக்குப் பாதுகாப்பு எதுவும் மிஞ்சுவதில்லை. பழைய எச்சம் காய்ந்த கூண்டுக்கோ, புதிதாக வந்திறங்கிய கூட்டத்துக்கோ திரும்பினால் மறுபடியும் தொற்றும். மருந்தின் காலக்கெடுவைப் பற்றி வியாபாரிகளிடம் கேட்பவர்கள், ஒரு கூண்டில் எத்தனை பறவை என்று கேட்பதில்லை.