துக்கத்துக்கு 6 மாதமா, 12 மாதமா? உடலே கிடைக்காத வீட்டில் கணக்கு எப்போது தொடங்கும்?

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு ஓரம் ஆரம்பாக்கம். அதைத் தாண்டினால் ஆந்திரா. அங்கிருந்து பழவேற்காடு முகத்துவாரம் வரையுள்ள மீனவ ஊர்களுக்கு டிசம்பர் கடைசி வாரம் சும்மா வருவதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு சவாரி போனவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள்.

இப்படி ஒரு இழப்புக்குப் பிறகு வரும் வேதனையில் எது துக்கம், எது நோய்? மனநல மருத்துவத்தில் இந்தக் கோடு 40 வருஷத்துக்கும் மேலாக நகர்ந்துகிட்டே இருக்கு.

பேரதிர்ச்சிக்குப் பின் வரும் பி.டி.எஸ்.டி, அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம் கையேட்டில் ஏறியது 1980-ல். சாதாரண வாழ்க்கையில் நடக்காத சம்பவமாக இருக்கணும் என்பது அப்போதைய நிபந்தனை. 1994 பதிப்பு, சம்பவ நேரத்தில் கடும் பயமோ கையறு நிலையோ வந்திருக்கணும் என்றது. 2013-ல் அதையும் தூக்கிவிட்டார்கள். சரியான முடிவு. கவிழ்ந்த படகிலிருந்து உடல்களைக் கரைசேர்க்கும் மீனவர் அந்த நேரத்தில் பயப்படவா செய்வார்? வேலையைத்தான் பார்ப்பார். தூக்கம் போவது அப்புறம்.

துக்கத்தின் கதை இன்னும் சிக்கல். நெருங்கியவர் இறந்த முதல் 2 மாதங்களுக்குப் பொதுவாக 'மனச்சோர்வு நோய்' என்று முத்திரை குத்தக்கூடாது என்ற விதிவிலக்கை 2013 பதிப்பு நீக்கியது. அழுகையையும் நோயாக்குறீங்களே என்று மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. 2022 மார்ச்சில் 'நீடித்த துக்கக் கோளாறு' என்று தனிப்பெயரே வந்துவிட்டது. பெரியவர்களுக்கு 12 மாதம், சிறுவர்களுக்கு 6 மாதம் கடந்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11, எல்லோருக்கும் 6 மாதம் போதும் என்கிறது.

அப்படியென்றால், கணவர் இறந்து எட்டாவது மாதத்திலும் சோறு இறங்காத ஒரு பெண்ணுக்கு ஜெனிவா கணக்குப்படி கோளாறு இருக்கலாம், அமெரிக்கக் கணக்குப்படி இல்லை. நம்முடைய 2017 மனநலச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது ஐசிடியை. அதில் ஒரு நல்ல வரி உண்டு: அந்தச் சமூகத்தின் வழக்கத்தைத் தெளிவாக மீறிய துக்கமா என்றும் பார்க்கணும். 16-ஆம் நாள் காரியம் முடிந்தும், வருஷத் திவசம் வரை ஒரு வீடு துக்க வீடாகவே இருப்பது இங்கே வழக்கம்தானே.

ஆனால் இரண்டு கையேடுகளுமே கணக்கை மரணத்திலிருந்து தொடங்குகின்றன. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் இல்லை என்றால்? சட்டம் பொதுவாக 7 ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, 2024 ஜூலைக்குப் பிறகு பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 111. அதுவரை தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருத்தி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இந்த நிலைக்கு 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரே வைத்தார். கையேட்டில் அது ஒரு நோயாக இல்லை. சரி, நோயாக வேண்டாம். உதவிகூட வேண்டாமா?

2017 ஒக்கிப் புயலில் காணாமல்போன குமரி மீனவர் குடும்பங்களுக்கு 7 ஆண்டு காத்திருக்காமல் நிவாரணப் பணம் தரப்பட்டது. பணத்துக்குத் தளர்த்திய விதியை மனசுக்கும் தளர்த்தலாம். காணவில்லை என்று புகார் பதிவான நாளையே முதல் நாளாக எடுத்துக்கொள்ளலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் பிபி, சுகர் மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறவர்கள்தான். அந்த வீட்டில் மட்டும் கூடுதலாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்து, ராத்திரி தூங்குறீங்களாம்மா என்று கேட்கச் சொல்லலாம். அதற்கு எந்தக் கையேடும் திருத்தப்பட வேண்டியதில்லை.

அதுவரை, டெலி-மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.